மணல் ஈ கடிக்கும்போதுதான் தடுப்பூசிக்குப் பரீட்சை

மணல் ஈ கடித்துப் பரப்பும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியால் தோலில் புண் வரும் நோய் தோல் லீஷ்மேனியாசிஸ். அது ஒருமுறை வந்து ஆறியவர்களுக்கு, அதே ஒட்டுண்ணி இனத்தால் மறுபடி வருவது அபூர்வம். ஆய்வகங்கள் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே மேற்காசியாவிலும் மத்திய ஆசியாவிலும் மக்களுக்கு இது தெரியும். பெண் குழந்தையின் முகத்தில் தழும்பு விழுந்துவிடக் கூடாதென்று, அடுத்தவர் புண்ணிலிருந்து எடுத்த நீரைக் குழந்தையின் உடலில் மறைவான ஓர் இடத்தில் கீறித் தேய்த்துவிடுவார்கள். ஆக, இந்த ஒட்டுண்ணியை எதிர்க்க உடல் கற்றுக்கொள்ளும் என்பதில் சந்தேகமில்லை. அப்படியிருந்தும் மனிதருக்கு உரிமம் பெற்ற லீஷ்மேனியா தடுப்பூசி ஒன்றுகூடக் கிடையாது. மலேரியாவுக்கு 2021-இல் ஆர்.டி.எஸ்.எஸ்., 2023-இல் ஆர்21 என இரண்டை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. லீஷ்மேனியாவுக்கு நாய்களுக்கான ஊசிகள்தாம் இருக்கின்றன.

சரியான ஆன்டிஜென் (உடல் அடையாளம் கண்டு எதிர்க்கும் ஒட்டுண்ணிப் பொருள்) கிடைக்காததுதான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எலியைக் காப்பாற்றிய புரதங்கள் ஏகப்பட்டவை இருக்கின்றன. குறை வினாத்தாளில்: ஆய்வகத்தில் நாம் வைக்கும் பரீட்சை, மணல் ஈ வைக்கும் பரீட்சையைவிட மிக எளிது. அந்த வேறுபாடு எங்கெங்கே நுழைகிறது என்பதைத்தான் கீழே விளக்கப் போகிறேன்.

முதலில் எதிரியைப் பற்றிக் கொஞ்சம். மணல் ஈயின் குடலில் இது நீண்ட உடலும் சவுக்கு வாலுமாக நீந்தும். அந்த வடிவத்துக்கு ப்ரோமாஸ்டிகோட் என்று பெயர். நம் உடலுக்குள் வந்ததும் மாக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுவுக்குள் புகுந்து, வால் சுருங்கி, 2 முதல் 5 மைக்ரான் அளவுள்ள உருண்டையாகிவிடும், இது அமாஸ்டிகோட். 1903-இல் இந்த உருண்டைகளை இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும், மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவனும் தனித்தனியே விவரித்தார்கள். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று வைத்தார். காலா அசார் எனும் உள்ளுறுப்புக் காய்ச்சலுக்குக் காரணம் இதுதான். தோல் புண் தருவதில் பழைய உலகில் முக்கியமானது லீஷ்மேனியா மேஜர்.

மலேரியா தடுப்பூசியின் வழி இங்கே செல்லாது. மலேரியாக் கிருமி கொசுக்கடியிலிருந்து கல்லீரலுக்குப் போகும் வழியில் செல்லுக்கு வெளியே அகப்படும். ஆன்டிபாடி அதைப் பிடிக்கலாம். லீஷ்மேனியாவோ விழுங்கப்படுவதையே விரும்புகிறது. ஆன்டிபாடி ஒட்டினால் விழுங்கணுவுக்குள் போவது இன்னும் சுலபம். காலா அசார் நோயாளியின் ரத்தத்தில் ஆன்டிபாடி கொட்டிக் கிடக்கும் (ஆர்கே39 பட்டைச் சோதனை அதை நம்பித்தான் வேலை செய்கிறது), ஆனால் நோய் குறையாது. தேவைப்படுவது வேறு: சிடி4 வகை டி செல்கள் (எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் வெள்ளணுக்கள்) இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்க வேண்டும், அது விழுங்கணுவைத் தட்டியெழுப்பி நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்க வைக்க வேண்டும், உள்ளே இருக்கும் ஒட்டுண்ணி சாக வேண்டும். இதெல்லாம் கடித்த இடத்தில், முதல் சில நாட்களுக்குள் நடந்தாக வேண்டும். தாமதமானால் அதற்குள் ஒட்டுண்ணி தனக்கேற்றபடி இடத்தை மாற்றிக்கொண்டிருக்கும்.

மேலே சொன்ன பழைய வழக்கத்தை 20-ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் முறைப்படுத்தினார்கள். ஆய்வகத்தில் வளர்த்த உயிருள்ள லீஷ்மேனியா மேஜரைத் தோலுக்குள் செலுத்துவது, பெயர் லீஷ்மனைசேஷன். சோவியத் மத்திய ஆசியா, இஸ்ரேல், ஈரான் ஆகிய இடங்களில் பயன்பட்டது. ஈரான்-ஈராக் போரின்போது ஈரானில் சுமார் 20 லட்சம் பேருக்குப் போட்டார்கள். மனிதரில் நன்றாக வேலை செய்ததென்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே முறை இன்றைக்கும் அதுதான். பெரும்பாலும் கைவிட்டதற்குக் காரணங்கள் உண்டு. போட்ட இடத்தில் வருவது நிஜமான புண். சிலருக்கு அது மாதக்கணக்கில் ஆறாமல் பெரிதாகி, மருந்து கொடுக்க வேண்டி வந்தது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு ஆபத்து. தயாரிப்பிலோ ஒரு தொகுதி வீரியமாகவும் அடுத்தது சாதுவாகவும் வந்தது.

உயிருள்ளதால் தொல்லையென்றால் கொன்று போடலாமே என்பது அடுத்த யோசனை. வளர்த்த ஒட்டுண்ணியைப் பலமுறை கழுவி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் வேகவைத்து, காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யோடு கலந்து கொடுத்தார்கள். பிரேசில், வெனிசுவேலா, ஈக்வடார், கொலம்பியா, ஈரான், சூடான் என்று பல நாடுகளில் சோதனை நடந்தது. 2000-இல் வெளியான சூடான் சோதனை பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டியது. காலா அசாருக்கு எதிராகச் சுமார் 2,300 பேரிடம் இரண்டு ஆண்டு நடந்தது. ஒரு பாதிக்கு வேகவைத்த லீஷ்மேனியா மேஜரும் பி.சி.ஜி.யும், மறுபாதிக்கு பி.சி.ஜி. மட்டும். இரு பக்கமும் சுமார் 12 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. வித்தியாசமே இல்லை. ஆனால் ஒரு துரும்பு கிடைத்தது. தடுப்பூசி போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கு, எதிர்ப்பாற்றல் பதிந்ததைக் காட்டும் லீஷ்மேனின் தோல் சோதனை பாசிட்டிவாக மாறியது, பி.சி.ஜி. மட்டும் பெற்றவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான். அப்படி மாறியவர்களிடம் நோயும் குறைவாக இருந்தது. ஊசி பலரிடம் பதியவே இல்லை என்பதுதான் இதன் பொருள். வேகவைத்த புரதம் தன் வடிவத்தை இழந்துவிடுகிறது, தவிரவும் செத்த ஒட்டுண்ணி விழுங்கணுவுக்குள் தங்கி டி செல்களை உசுப்பிக்கொண்டே இருப்பதில்லை.

இனி ஆய்வகத்துக்குள் வருவோம். கோளாறு பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

வளர்ப்பு ஊடகம் வழக்கமாக எம்199. அதில் கன்றுக் கருவின் சீரம் 10 முதல் 20 சதவீதம், ஹெப்பிஸ் 25 மில்லிமோலார், அடினைன் 0.1 மில்லிமோலார், ஹீமின் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம், பி.எச். 7.2 முதல் 7.4. சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து காம்ப்ளிமென்ட் புரதங்களைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் அவை ப்ரோமாஸ்டிகோட்டை ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். ஹீமின், அடினைன் இரண்டும் ஒப்புக்குச் சேர்ப்பவை அல்ல. ஹீமின் தரும் ஹீமையும், அடினைன் சேர்ந்த ப்யூரின் வகையையும் அடிமட்டத்திலிருந்து தயாரிக்க இந்த உயிரிக்கு வழி கிடையாது. ஹீமினை நேரடியாக ஊடகத்தில் கொட்டினால் அடியில் படிந்துவிடும். முதலில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்துச் சேர்க்க வேண்டும். வெப்பநிலை 26 டிகிரி. நம் ஊர் வெயிலில் சூடாக்கும் இன்குபேட்டர் மட்டும் போதாது, குளிரவும் வைக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும். மின்சாரம் போய் அறை வெப்பம் 33-ஐத் தாண்டினால் ப்ரோமாஸ்டிகோட் உருள ஆரம்பித்துவிடும், அந்தத் தொகுதியை வைத்துச் செய்யும் எந்தச் சோதனையும் நம்பத்தக்கதல்ல.

மில்லிலிட்டருக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை விதைத்தால் ஐந்தாறு நாளில் சில கோடியைத் தொட்டுப் பெருக்கம் நின்றுவிடும். அந்தக் கட்டத்தில்தான் தொற்றும் திறனுள்ள மெட்டாசைக்ளிக் வடிவங்கள் உருவாகின்றன. ஆனால் எல்லாமே அப்படி மாறிவிடாது. நின்றுபோன வளர்ப்பை அப்படியே எண்ணி எலிக்குப் போட்டால், இந்த வாரம் போட்ட 10 லட்சமும் அடுத்த மாதம் போடும் 10 லட்சமும் ஒன்றல்ல. லீஷ்மேனியா மேஜருக்கு இதைப் பிரிக்க நிலக்கடலை லெக்டின் (சர்க்கரையில் ஒட்டும் புரதம்) இருக்கிறது. மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் சேர்த்து அறை வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தால் முதிராதவை ஒட்டிக் கட்டியாகும். மெதுவான வேகத்தில், 200 ஜி அளவில், சுழற்றினால் கட்டிகள் அடியில் போய்விடும், மெட்டாசைக்ளிக் மேலே நிற்கும். மற்ற இனங்களில் மேற்பரப்புச் சர்க்கரை வேறுபடுவதால் இது சரிவராமல் போகலாம். அப்போது ஃபிகால் அடர்த்தி அடுக்கில் பிரிப்பார்கள்.

வீரியம் தேய்வதும் இங்கேதான். வளர்ப்பிலேயே மாற்றி மாற்றி வைத்திருந்தால் சில மாதங்களில் ஒட்டுண்ணி எலியைத் தொற்றும் திறனை இழந்துவிடும். லீஷ்மேனியா குரோமோசோம் எண்ணிக்கையை விருப்பம்போல் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் உயிரி; ஊடகத்தில் வேகமாகப் பெருகுபவை முன்னுக்கு வந்து, விழுங்கணுவுக்குள் பிழைக்கத் தெரிந்தவை பின்தங்கிவிடும். ஆகவே விலங்கிலிருந்து புதிதாக எடுத்ததை உடனே டி.எம்.எஸ்.ஓ. என்ற உறைகாப்புத் திரவம் 7 முதல் 10 சதவீதம் சேர்த்து, திரவ நைட்ரஜனில் நிறையக் குப்பிகளாகச் சேமித்து, ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் குப்பி திறந்து, ஐந்தாறு மாற்றங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இதைச் செய்யாத ஆய்வகத்தில் தடுப்பூசி போட்ட எலியும் போடாத எலியும் இரண்டுமே நன்றாயிருக்கும். அல்லது இன்னும் மோசம்: போடாத எலிக்கு மிதமான நோய் வந்து, ஊசி பிரமாதமாக வேலை செய்வதுபோல் தோன்றும்.

அடுத்து எலியைத் தேர்ந்தெடுப்பது. பால்ப்-சி எலி லீஷ்மேனியா மேஜரிடம் தோற்றே தீரும். சி57 பிளாக் 6 எலிக்குப் புண் வந்து சில வாரங்களில் தானாக ஆறிவிடும். Th1 (விழுங்கணுவைத் தட்டியெழுப்பும் பக்கம்), Th2 (ஆன்டிபாடிப் பக்கம்) என்ற எதிர்ப்பாற்றல் பிரிவு உயிருள்ள விலங்கில் எப்படி விளையாடுகிறது என்பதை உலகம் பெருமளவுக்குக் கற்றுக்கொண்டதே இந்த இரு எலிகளின் வேறுபாட்டிலிருந்துதான். பாடத்துக்கு நல்லது, தடுப்பூசிக்கு அவ்வளவு நல்லதல்ல. மனிதர் பெரும்பாலும் இரண்டாம் எலியைப் போன்றவர். காலா அசாருக்கோ எலியே சரியான மாதிரி இல்லை. எலியின் கல்லீரல் லீஷ்மேனியா டோனவானியைச் சில வாரத்தில் கட்டுப்படுத்திவிடும். வெள்ளெலி எனப்படும் ஹேம்ஸ்டர்தான் மனிதரைப்போல் மெலிந்து, மண்ணீரல் வீங்கி, சாகும். அதற்கான எதிர்ப்பாற்றல் வினைப்பொருட்கள் சந்தையில் குறைவு என்பதால் பலர் எலியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இப்போது முக்கியமான இடம். வழக்கமான சோதனையில், கடைசித் தவணை முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில், பாதத்தில் ஊசி மூலம் 10 லட்சம் ஒட்டுண்ணிகளைச் செலுத்தி, வாரம் ஒருமுறை வீக்கத்தை காலிப்பரில் அளப்பார்கள். இதில் மூன்று சலுகைகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் சலுகை நேரம். தடுப்பூசி போட்ட சூட்டில், வேலை செய்யும் டி செல்கள் உச்சத்தில் இருக்கும்போதே தாக்குகிறோம். அவை அற்ப ஆயுள் உள்ளவை. லீஷ்மேனியாவில் ஆறிய விலங்கு ஏன் நீண்டகாலம் தாக்குப்பிடிக்கிறது என்றால், புண் ஆறிய பிறகும் சொற்ப ஒட்டுண்ணிகள் உள்ளே தங்கி, அந்தச் செல்களை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. செத்த தடுப்பூசியில் அந்தப் புதுப்பித்தல் கிடையாது. மூன்று மாதம் கழித்துத் தாக்கிப் பார்த்தால் பல வெற்றிகள் மறைந்துவிடும். ஆய்வு மானியத்தின் கால அட்டவணை அந்த மூன்று மாதத்தைப் பெரும்பாலும் விரும்புவதில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது சலுகை ஊசி. மணல் ஈ ரத்தத்தைக் குழாய் வைத்து உறிஞ்சுவதில்லை. தோலை அறுத்து, சிறு ரத்தக் குளம் உண்டாக்கிக் குடிக்கும். அதோடு தன் எச்சிலையும், ஒட்டுண்ணி ஈயின் குடலில் சுரந்து அடைத்து வைத்திருக்கும் கூழையும், குடல் பாக்டீரியாவையும் சேர்த்துக் கக்கும். அந்த இடத்துக்கு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் பெருங்கூட்டமாக வந்து நாட்கணக்கில் நிற்கும். ஊசி குத்தினாலும் அவை வரும், ஆனால் சீக்கிரம் கலைந்துவிடும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் நேதன் பீட்டர்ஸும் டேவிட் சாக்ஸும் குழுவும் 2009-இல் வெளியிட்ட சோதனையைத் துறைக்கு வருபவர் எல்லோரும் முதலில் படிக்க வேண்டும் என்பேன். கொன்ற ஒட்டுண்ணியும் சி.பி.ஜி. துணையூக்கியும் (எதிர்ப்பாற்றலைக் கூட்ட ஊசியில் சேர்க்கும் பொருள்) கொண்ட ஊசி, ஊசிவழித் தாக்குதலில் எலியைக் காத்தது. அதே எலிகளை ஈ கடித்தபோது பயனில்லை. முன்பே நோய் வந்து ஆறிய எலிகளோ ஈக்கடியையும் சமாளித்தன. கடித்த பிறகு நியூட்ரோஃபில்களை அகற்றினால், தோற்ற அந்த ஊசிக்கும் பலன் திரும்பியது. ஆன்டிஜென் ஒன்றே, எலி ஒன்றே, தாக்கிய விதம் மட்டுமே வேறு.

ஈ எத்தனை ஒட்டுண்ணியைக் கக்குகிறது என்பதையும் சாக்ஸ் குழு அளந்தது. பெரும்பாலான கடிகளில் 600-க்கும் குறைவு. சில ஈக்கள் மட்டும் பல்லாயிரக்கணக்கில் விடும். நாம் பாதத்தில் போடும் 10 லட்சத்துக்கு அருகில்கூட இல்லை. எண்ணிக்கை குறைவு, தந்திரம் அதிகம்.

ஈயை வைத்துச் சோதிப்பது எல்லோராலும் ஏன் முடிவதில்லை என்றால், மணல் ஈ வளர்ப்பு பொறுமையைச் சோதிக்கும் வேலை. புழுக்களுக்கு முயல் சாணமும் முயல் தீனியும் கலந்து நொதிக்க வைத்துக் காயவைத்து அரைத்த உணவு. ஈரப்பதம் குறைந்தால் முட்டை காய்ந்துவிடும், கூடினால் பூஞ்சை படர்ந்து புழுக்கள் மொத்தமாகச் செத்துவிடும். முட்டையிலிருந்து ஈ வர ஐந்தாறு வாரம். பிறகு, தோல் சவ்வு கட்டிய ஊட்டுக் குடுவையில் ஒட்டுண்ணி கலந்த வெதுவெதுப்பான ரத்தத்தை வைத்துக் குடிக்க விட வேண்டும். ரத்தத்தில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்க்காவிட்டால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். குடித்த ஈக்களைப் பிரித்துச் சர்க்கரைக் கரைசலில் 26 டிகிரியில் வைத்து, லீஷ்மேனியா மேஜருக்குச் சுமார் 9 முதல் 12 நாள் கழித்துச் சிலவற்றை அறுத்துப் பார்க்க வேண்டும். குடலின் முன்பகுதி அடைபட்டு, பெரும்பகுதி மெட்டாசைக்ளிக்காக இருந்தால்தான் அந்தத் தொகுதி பயன்படும். மயக்கிய எலியின் காதில், வலையடைத்த சிறு குப்பியை வைத்து, இருட்டில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அப்படியும் சில ஈக்கள் கடிக்காது, சில கடித்தும் கொடுக்காது. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் ஊசிச் சோதனையைவிட அதிகக் காதுகள் வேண்டும், புள்ளியியலும் அதற்கேற்ப மாற வேண்டும். ஈ வசதி இல்லாதவர்கள் குறைந்தபட்சம் பாதத்தை விட்டுவிட்டு, காதுத் தோலுக்குள் 10 மைக்ரோலிட்டரில் ஆயிரம் மெட்டாசைக்ளிக்கைப் போட்டுப் பார்ப்பது ஓரளவு நேர்மையானது.

மூன்றாவது சலுகை அளவீடு. வீக்கம் என்பது ஒட்டுண்ணியின் எண்ணிக்கை அல்ல, அழற்சியின் அளவு. வீக்கமில்லாத பாதத்தில் லட்சக்கணக்கில் இருக்கலாம். திசுவை அரைத்து, 96 குழித் தட்டில் இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போய், 26 டிகிரியில் 7 முதல் 10 நாள் வைத்து, எந்தக் குழி வரை நீந்துகிறது என்று பார்ப்பதுதான் முறை. செத்த ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வும் பி.சி.ஆரில் தெரியும் என்பதால், மருந்து கொடுத்த உடனேயோ உயிருள்ள தடுப்பூசிக்குப் பின்னோ பி.சி.ஆர். எண்ணை மட்டும் நம்பக் கூடாது. காலா அசாரில் மண்ணீரல் துண்டைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி அச்சு எடுத்து, கீம்சா சாயமிட்டு, 1,000 செல் உட்கருக்களுக்கு எத்தனை அமாஸ்டிகோட் என்று எண்ணி உறுப்பின் எடையால் பெருக்குவார்கள். அதுதான் லீஷ்மன்-டோனவன் அலகு. எடையைச் சிலர் மில்லிகிராமிலும் சிலர் கிராமிலும் எடுக்கிறார்கள். இரண்டு கட்டுரைகளை ஒப்பிடுமுன் இதைப் பார்க்காவிட்டால் விடை ஆயிரம் மடங்கு பிசகும்.

மறுசேர்க்கைப் புரதத் தடுப்பூசிகளுக்கு இன்னொரு பொறி இருக்கிறது: எண்டோடாக்சின். ஈ. கோலை பாக்டீரியாவில் புரதம் தயாரித்துச் சுத்திகரிக்கும்போது அதன் மேலுறைக் கொழுப்புச் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டு வரும். அது தானே ஒரு பலத்த துணையூக்கி. மண்ணீரல் செல்கள் இன்டர்ஃபெரான் காமாவை அள்ளிக் கொட்டும், ஆய்வாளர் தன் புரதத்தைப் பாராட்டுவார். கண்டுபிடிக்க எளிய வழி, புரதத்தை 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தும், தனியாக, புரதத்தைச் சிதைக்கும் ப்ரோட்டினேஸ் கே இட்டும் மறுபடி சோதிப்பது. புரதத்தைச் சிதைத்த பின்னும் பதில் வந்தால் அது எண்டோடாக்சினின் பதில். நீக்குவதற்கு சோப்பு வகையான ட்ரைட்டான் எக்ஸ்-114-ஐ 1 சதவீதம் சேர்த்து 4 டிகிரியில் அரை மணி நேரம், பிறகு 37 டிகிரியில் 10 நிமிடம். கலங்கி இரண்டு அடுக்காகப் பிரியும். சுழற்றி மேலடுக்கை எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை செய்து, எண்டோடாக்சினை அளக்கும் எல்.ஏ.எல். சோதனையில் உறுதிப்படுத்தலாம். ஒப்பீட்டுப் பிரிவுக்கு உப்புநீர் மட்டும் கொடுத்து முடித்துக்கொள்வதும் ஏமாற்று வேலைதான். துணையூக்கி மட்டும் பெற்ற பிரிவு கட்டாயம் வேண்டும்.

துணையூக்கியில் ஆலம் எனும் அலுமினிய உப்பு இங்கே உதவாது. அது ஆன்டிபாடிப் பக்கம், Th2 பக்கம் இழுக்கும். சியாட்டிலின் ஐ.டி.ஆர்.ஐ. நிறுவனம் லீஷ்-எஃப்1 என மூன்று புரதங்களை ஒரே சங்கிலியாக இணைத்து எம்.பி.எல்.-எஸ்.இ. என்ற துணையூக்கியோடும், பிறகு லீஷ்-எஃப்3-ஐ ஜி.எல்.ஏ.-எஸ்.இ. என்ற துணையூக்கியோடும் ஆரோக்கியமான மனிதரில் முதற்கட்டச் சோதனை வரை கொண்டுபோனது. பாதுகாப்பாக இருந்தன, டி செல் பதிலும் வந்தது. அந்தப் பதில் ஈக்கடியைத் தாங்குமா என்பதை முதற்கட்டச் சோதனையால் சொல்ல முடியாது.

நாய் ஊசிகள் பற்றி ஒரு வரி. ஐரோப்பாவில் கேனிலீஷ் 2011-இலும், லெட்டிஃபெண்ட் 2016-இலும், மூக்குவழி டி.என்.ஏ. தடுப்பூசியான நியோலீஷ் 2022-இலும் உரிமம் பெற்றன. நாய்க்கு நோய்க்குறி வரும் வாய்ப்பைக் குறைப்பதுதான் அவற்றின் இலக்கு. தொற்றையே தடுப்பதாகச் சொல்ல முடியாது.

மறுபடி உயிருள்ள ஒட்டுண்ணியிடமே வந்து நிற்கிறோம், ஆனால் இந்த முறை பல் பிடுங்கி. சென்ட்ரின் என்ற மரபணுவை நீக்கினால் ப்ரோமாஸ்டிகோட் ஊடகத்தில் வழக்கம்போல் பெருகும். விழுங்கணுவுக்குள் அமாஸ்டிகோட் ஆனதும் உட்கரு பிரியும், செல் பிரியாது. பல உட்கருக்களோடு வீங்கிச் செத்துவிடும். தொழிற்சாலையில் வளரும், உடலில் பெருகாது. தடுப்பூசிக்கென்றே வாய்த்த குணம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வில் ஹிரா நாகாசி குழு முதலில் லீஷ்மேனியா டோனவானியில் இதைச் செய்தது, ஏ. செல்வபாண்டியன் அந்த வேலையில் முக்கியமானவர். அதை மனிதருக்குக் கொண்டுபோவதில் இரண்டு தயக்கம் இருந்தது. ஒன்று, உள்ளுறுப்புக்குப் பரவும் இனம். இரண்டு, மரபணுவை நீக்கிய இடத்தில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு உட்கார்ந்திருந்தது. 2020-இல் எஃப்.டி.ஏ., மெக்கில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் முதலியவற்றின் குழு, தோலோடு நிற்கும் லீஷ்மேனியா மேஜரில், மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் முறை மூலம் சென்ட்ரினை நீக்கி, எந்த எதிர்ப்பு மரபணுவும் மிச்சமில்லாத வகையை வெளியிட்டது.

கிரிஸ்பர் இங்கே சற்று வேறுமாதிரி நடக்கும். வெட்டிய முனைகளை அப்படியே ஒட்டும் வழக்கமான பழுதுபார்ப்பு வழி லீஷ்மேனியாவில் இல்லை. இருபக்கமும் ஒத்த வரிசையைத் தேடியே ஒட்டும், சில சமயம் பெரிய துண்டே காணாமல் போகும். குரோமோசோம் கூடுதலாக இருந்தால் எல்லாப் பிரதியிலும் நீங்கியதா என்று பார்க்க வேண்டும். முழு மரபணுத் தொகுதியையும் வாசித்துத்தான் வெளியே விடலாம்.

அந்த வகையை 10 லட்சம் அளவில் தோலுக்குள் போட்ட எலிகளில் புண் வரவில்லை. எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளிலும் வரவில்லை. ஈக்கடியை எதிர்த்தும் காத்தது. 2021-இல் ஹேம்ஸ்டரில், லீஷ்மேனியா டோனவானி சுமந்த மணல் ஈ கடித்தபோதும் காத்தது. அதற்கு புனேவின் ஜெனோவா நிறுவனம் நெறிமுறைப்படி தயாரித்த தொகுதியையும் பயன்படுத்திக் காட்டினார்கள். தோல் இனத்தை வைத்து உள்ளுறுப்பு நோயைத் தடுப்பது என்பதால் இது முக்கியம். என்னைப் பணம் கட்டச் சொன்னால் இந்தக் குதிரைமேல்தான் கட்டுவேன். ஒரு சந்தேகம் மட்டும் உண்டு: இந்த ஒட்டுண்ணி உடலில் நிரந்தரமாகத் தங்காது. தங்காவிட்டால் மேலே சொன்ன ஓயாத புதுப்பித்தல் எங்கிருந்து வரும்? தோலிலேயே குடியிருக்கும் நினைவு டி செல்கள் அதை ஈடுகட்டுமா என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்தால்தான் தெரியும்.

தயாரிப்பிலும் தலைவலி காத்திருக்கிறது. கன்றுச் சீரத்தை மனிதருக்கான தயாரிப்பில் வைத்திருக்க ஒழுங்குமுறை அமைப்புகள் விரும்புவதில்லை. விலங்குப் பொருளில்லாத ஊடகத்துக்கு ஒட்டுண்ணியைப் பழக்கும்போது அதன் குணம் மாறியதா என்று மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். உறையவைத்த குப்பியைத் திரவ நைட்ரஜனில் பிகார் கிராமத்துக்கோ கென்யாவின் பாரிங்கோவுக்கோ கொண்டுபோவது எப்படி என்று மலைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கலப்பின மாடுகளின் தைலேரியா நோய்க்கு ஹைதராபாத் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் தயாரிக்கும் ரக்ஷாவாக்-டி, உயிருள்ள ஒட்டுண்ணி கொண்ட தடுப்பூசி. திரவ நைட்ரஜன் குடுவையில்தான் போகிறது. சினை ஊசிக்காக ஏற்கெனவே கிராமம் வரை போய்ச்சேரும் நைட்ரஜன் வழி அதற்கு இருக்கிறது. மனிதருக்கான சுகாதார நிலையத்தில் அந்த வழி இல்லை.

எல்லாம் கைகூடி மனிதரிடம் வந்தால், கணக்கு குறுக்கே நிற்கும். ஒரு பகுதியில் ஆண்டுக்கு 1,000 பேரில் ஒருவருக்குக் காலா அசார் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம் காக்கும் ஊசியை, இரண்டு ஆண்டுத் தொடர்கண்காணிப்பில், 90 சதவீதப் புள்ளியியல் பலத்தோடு (பலன் உண்மையில் இருந்தால் பத்தில் ஒன்பது முறை தெரியும்படி) நிரூபிக்க, பிரிவுக்குச் சுமார் 20,400 பேர் வேண்டும். இடையில் விலகுபவர்களை இன்னும் சேர்க்கவில்லை. தெற்காசியாவின் ஒழிப்பு இலக்கு, ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. பங்களாதேஷ் 2023-இல் அதை எட்டியதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த அளவுக்கு நோய் குறைந்த இடத்தில் அதே சோதனைக்குப் பிரிவுக்கு 2 லட்சத்துக்கும் மேல் ஆள் வேண்டும். நோய் ஒழிவது நல்ல சேதி, ஆனால் தடுப்பூசியைச் சோதிக்க இடம் இல்லாமல் போகிறது. கிழக்கு ஆப்பிரிக்காதான் மிச்சம்.

இதற்கொரு குறுக்குவழி பி.கே.டி.எல். காலா அசார் குணமானவருக்குப் பின்னால் வரும் தோல் நோய் அது. சூடானில் குணமானவர்களில் பாதிப் பேருக்கு, அதுவும் சில மாதத்துக்குள் வருகிறது. அதைப் பாதியாகக் குறைக்கும் ஊசியை நிரூபிக்க, அதே 90 சதவீத பலத்துக்கு, பிரிவுக்கு 75 பேர் போதும். இந்தியாவில் பி.கே.டி.எல். 10 சதவீதம் பேருக்கு என்று வைத்தாலும் பிரிவுக்கு 580 பேர். அதுவும் இரண்டு மூன்று ஆண்டு தள்ளி வருவதால் காத்திருக்க வேண்டும். யார்க் பல்கலைக்கழகத்தின் பால் கே குழு, சிம்பன்சி அடினோவைரஸில் இரண்டு லீஷ்மேனியா மரபணுக்களை ஏற்றிய சாட்63-கே.எச். ஊசியைச் சூடானில் பி.கே.டி.எல். நோயாளிகளிடமே சோதிக்கப் போனதற்கு இந்தக் கணக்கும் ஒரு நியாயம். அது சிகிச்சை ஊசி என்பதையும் மறந்துவிடக் கூடாது. நோயாளியிடம் பலித்தது ஆரோக்கியமானவரைக் காக்கும் என்று அர்த்தமில்லை.

யார் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்றவர் என்று பிரிக்கும் லீஷ்மேனின் தோல் சோதனையும் தரமான தயாரிப்பு இல்லாமல் நெடுங்காலம் கிடைக்காமல் போயிற்று. தோலுக்குள் போட்டு 48 முதல் 72 மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை. அது இல்லாமல் சோதனை நடத்தினால், ஏற்கெனவே பாதுகாப்பு உள்ளவர்கள் இரு பிரிவிலும் கலந்து வித்தியாசத்தை மழுங்கடித்துவிடுவார்கள். அண்மை ஆண்டுகளில் அதை மறுபடி தயாரிக்கும் வேலை நடந்திருப்பது, எந்தப் புது ஆன்டிஜெனையும்விட எனக்கு நம்பிக்கை தருகிறது.

பரீட்சையைக் கடினமாக்கும் வேலையும் மனிதரிடமே தொடங்கிவிட்டது. யார்க்கில் 14 ஆரோக்கியமான தன்னார்வலர்களை, லீஷ்மேனியா மேஜர் சுமந்த ஃப்ளெபோடோமஸ் டுபோஸ்கி மணல் ஈக்களைக் கொண்டு கடிக்க வைத்தார்கள். 2024-இல் முடிவு வெளியானது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் புண் வந்தது. பெரும்பாலும் புண்ணை வெட்டியெடுத்தே தொற்றை முடித்தார்கள், அந்தத் திசுவிலிருந்து எதிர்ப்பாற்றலின் வரைபடமும் கிடைத்தது. இனி ஒரு தடுப்பூசியை 40,000 பேரிடம் கொண்டுபோகுமுன், சில டஜன் பேரிடம் உண்மையான ஈக்கடிக்கு எதிராகவே நிறுத்திப் பார்க்கலாம். தோற்பவை அங்கேயே தோற்கும்.

அந்த முறையால் பதில் சொல்ல முடியாத ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் தோல் புண் தருவது லீஷ்மேனியா மேஜர் அல்ல. லீஷ்மேனியா டோனவானியின் மோன்-37 வகை. பிகாரில் மண்ணீரலுக்குப் போகும் இனம் அங்கே பெரும்பாலும் தோலோடு நிற்கிறது. லீஷ்மேனியா மேஜரை வைத்து யார்க்கில் தேறும் ஊசி அந்தப் புண்ணைத் தடுக்குமா என்று அறிய, கடத்தும் ஈயான ஃப்ளெபோடோமஸ் அர்ஜெண்டிபஸை வளர்த்து, அந்த ஊர் வகையையே ஏற்றி, ஹேம்ஸ்டரில் கடிக்க வைத்து முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதற்கு முதலில் தேவை, பூஞ்சை பிடிக்காத ஒரு ஈ வளர்ப்பு அறை.